உச்சிக்கும் உச்சிக்கும் நடுவே

நகராட்சிக் காகிதம் ஃப்ரிட்ஜ் கதவில்
மீன் வடிவக் காந்தத்தின் கீழ்
மூன்று வாரம் தொங்கியது.
வீட்டைச் சுற்றி ஐம்பது மீட்டர்.
பைனும் தைலமரமும் என்றால்
உச்சிக்கும் உச்சிக்கும் நடுவே பத்து.
ஏப்ரல் முப்பது கடைசி.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
மாலை ஐந்துக்குப் பிறகுதான் என் காடு.
காடு என்று சொன்னால் காட்டுக்கே சிரிப்பு வரும்:
இடுப்புவார் போல மலைச்சரிவில் கிடக்கும் ஒரு துண்டு,
பாகம் பிரித்து பாகம் பிரித்து
அப்பா வழியில் எனக்கு விழுந்தது.

புதர் அறுக்கும் மிஷினைத் தோளில் மாட்டினேன்.
முகமூடியின் கம்பிவலைக்குள்
உலகம் கட்டம் கட்டமாய் வந்தது.
ஜியெஷ்டா மஞ்சளாய்ப் பூத்திருந்த நேரம்.
அறுக்க அறுக்க, தேனீக்கள்
ஓரடி ஓரடியாய்ப் பின்வாங்கின.
விலகுங்கள் விலகுங்கள் என்றேன்.
மிஷின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

புதர் எளிது. மரம்தான்.
ஆரஞ்சு பெயின்ட் டப்பாவோடு
ஒவ்வொன்றின் முன்னும் நின்று
நீ, என்று சொல்ல வேண்டும்.
நீ. நீ. நீ இல்லை. நீ.
பதினோராவதில் குறி போட்ட பிறகுதான்
மேலே பார்த்தேன், மரங்கொத்தியின் பொந்து,
வாசலில் புதுத் தூள்.
பெயின்ட் துடைத்தால் போகாது.
கத்தியால் பட்டையைச் சீவினேன்.
அதைக் காப்பாற்ற,
பக்கத்தில் நேராக வளர்ந்த,
நல்ல விலை போகக்கூடிய ஒன்றை வெட்டினேன்.
கணக்கு தெரிந்தவர்கள் இதைச் செய்யமாட்டார்கள்.

மேற்குத் துண்டு அன்செல்முவுடையது.
லக்சம்பர்க்கில் டைல்ஸ் பதிக்கிறான்.
இங்கே அவன் முட்புதர் என் தலைக்கு மேல்.
போன் போட்டேன்.
போர்ச்சுகலில் மழை விட்டுவிட்டதா என்று கேட்டான்.
ஆகஸ்டில் லீவு, வந்து பார்க்கிறேன் என்றான்.
ஆகஸ்டில் தீயும் லீவில் வரும் என்றேன்.
சிரித்தான். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

ஏழு வருடம் முன்பு வந்தது
எல்லைக்கல் எதையும் வாசிக்காமல் வந்தது.
கீழ்ச்சாலை நிறுத்தத்தில்
ஊர்ப்பெயர்ப் பலகை உருகி வழிந்து
அப்படியே உறைந்துவிட்டது.
இன்றும் காலை ஏழு நாற்பதுக்கு
நான்கு பிள்ளைகள் அதன் கீழே
சூயிங்கம் மென்றபடி நிற்கிறார்கள்.
வாசிக்க முடியாத ஊரில்
கதவைத் திறந்து ஏற்றிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை, இருட்டுகிற நேரம்,
எல்லைக்கல்லைத் தாண்டினேன்.
மூன்று மீட்டர் என்று நினைத்துப் போனேன்.
மிஷின் நின்றபோது
எட்டு மீட்டர் அவன் நிலத்துக்குள் இருந்தேன்.
அடுத்தவன் முள் அடுத்தவன் சொத்து.
வெட்டியதைக் கூட்டி அள்ளி
என் பக்கமே இழுத்துப் போட்டேன்,
திருடினதுபோலவே.

புதன்கிழமை மேல்கோடியைப் பார்க்கப் போனால்,
அங்கே நான் இன்னும் தொடாத இடம்
மொட்டையடித்த தலைபோல வெளுத்துக் கிடந்தது.
என் எல்லைக்குள் ஐந்து மீட்டர்.
அறுத்த கை அவசரக் கை, பழக்கமில்லாத கை.
கோபம் வந்தது, சத்தியமாய் வந்தது.
கேட்டா வெட்டினாள்?
பிறகு மேற்கே திரும்பிப் பார்த்தேன்.
கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ரொட்டிக் கடை வரிசையில்
எனக்கு முன்னால் மேல்துண்டுக்காரி ஒதெத்.
முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கீறல்.
என் கையையும் பார்த்தாள்.
பூனையா என்றாள்.
பூனைதான் என்றேன்.
உனக்கு?
பூனை.
பத்து சென்ட் குறைந்தது அவளுக்கு. கொடுத்தேன்.

மே இரண்டாம் தேதி காகிதத்தை எடுத்துவிட்டேன்.
மீன் காந்தம் மட்டும் இருக்கிறது.
அன்செல்மு இன்னும் பேசவில்லை.
நேற்று போய்ப் பார்த்தேன்:
பொந்துக்குள் ஏதோ கத்துகிறது.
வெட்டிய தைலமரக் கட்டைகளில்
விளிம்பு முழுக்கச் சாம்பல்பச்சைத் துளிர்,
ஒன்றுக்கு எட்டு, ஒன்பது.
அவற்றுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.